கார்லின்: ஃபார்முலா 1-க்கு முந்தின ஸ்டாப்

நேரா விஷயத்துக்குப் போயிடலாம்.

2011 அக்டோபர் 30. டெல்லிக்குப் பக்கத்துல கிரேட்டர் நொய்டா. இந்தியாவில் நடந்த முதல் ஃபார்முலா 1 ரேஸ். ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். எட்டாவதா வந்தவர் டோரோ ரோஸோவில் ஓட்டிய ஸ்பெயின்காரர் ஹைமே அல்கெர்சுவாரி. அதுக்கு ரொம்பக் கீழே, ஹெச்ஆர்டி என்ற டீமின் இரண்டு கார்கள். 17வது இடம் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 18வது டேனியல் ரிக்கார்டோ.

நாலு பேர். நாலு நாடு. ஒருத்தர் உலக சாம்பியன், ஒருத்தர் கடைசிக்குப் பக்கத்துல. ஆனா இந்த நாலு பேரும் எஃப்1-க்கு வர்றதுக்கு முன்னாடி ஒரே டீமின் காரில் உட்கார்ந்தவர்கள். லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே கவுண்டியில் ஃபார்னம் என்று ஓர் ஊர் இருக்கு. அங்கிருந்து இயங்கிய டீம் அது. பெயர் கார்லின். எஃப்1-இல் அது ஒரு ரேஸ்கூட ஓடினதில்லை. அதனால டிவியில மட்டும் எஃப்1 பார்க்கிறவங்களுக்கு அந்தப் பெயர் தெரியாம இருக்கலாம். இந்த எபிசோட் அந்த டீமைப் பற்றி.

முதல்ல ஒரு சின்ன விளக்கம், ஏன்னா இது புரியலேன்னா மத்தது எதுவும் புரியாது. எஃப்1-க்குக் கீழே ஒரு ஏணி இருக்கு. சின்ன வயசுல கார்ட். அப்புறம் எஃப்4, எஃப்3, எஃப்2. பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறும். எஃப்2-க்கு முன்னாடி அதே இடத்துல ஜிபி2 இருந்தது, பக்கத்துலயே ஃபார்முலா ரெனோ 3.5 இருந்தது. ஆனா ஏணி ஏணிதான். இந்தப் படிகளில் ஓடுற டீம்களுக்கும் எஃப்1 டீம்களுக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. ஃபெராரி டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கும். ஜூனியர் டீமில் டிரைவர்தான் டீமுக்குப் பணம் கொடுக்கணும். அவர் கையில இல்லேன்னா அப்பா, இல்லேன்னா ஸ்பான்சர், இல்லேன்னா ரெட் புல் மாதிரி யாராவது. இன்னிக்கு எஃப்2-இல் ஒரு சீசனுக்கு ஒரு நல்ல சீட் வேணும்னா, நம்ம கணக்குல சுமாரா இருபது கோடி ரூபாய்க்கு மேல போகும்.

அதாவது டீம் ஒரு ஸ்கூல் மாதிரி. ஃபீஸ் கட்டுற பிள்ளைகளை வெச்சுத்தான் ஓடணும். அதே சமயம் ரிசல்ட் காட்டலேன்னா அடுத்த வருஷம் நல்ல பிள்ளைகள் வரமாட்டாங்க. இந்த இரண்டு கயிறுக்கும் நடுவுல 27 வருஷத்துக்கும் மேல நடந்தவர் டிரெவர் கார்லின்.

அவர் 1996-இல் டீமைத் தொடங்கினார். அப்போ பிரிட்டிஷ் எஃப்3-தான் உலகத்திலேயே மதிப்பான ஜூனியர் சீரிஸ்களில் ஒண்ணு. 1983-இல் அயர்ட்டன் சென்னா அங்கே சாம்பியன். 1990-இல் மிகா ஹக்கினன். அடுத்த வருஷம் ரூபன்ஸ் பேரிகெல்லோ. எஃப்1 டீம் முதலாளிகள் காலையில காபி குடிச்சுக்கிட்டே அந்த ரிசல்ட்டைப் பார்ப்பாங்கன்னு சொல்லலாம். 2 லிட்டர் இன்ஜின், காத்து உள்ளே போறதைக் கட்டுப்படுத்துற ஒரு ரெஸ்ட்ரிக்டர், பெரும்பாலும் இத்தாலியின் டல்லாரா கம்பெனி செய்த சேஸிஸ். பவர் கம்மி. அதனால கார்னர்ல நீங்க தொலைக்கிற வேகத்தை நேர்ரோட்டுல திரும்ப வாங்க முடியாது. ஒரு சின்னத் தப்புக்கு ஒரு லேப் முழுக்க வட்டி கட்டணும். டிரைவர் யாருன்னு அம்பலப்படுத்துற கார் அது.

1998-இல் கார்லின் டீமுக்கு ஒரு பையன் வந்தான். வயசு 21. ஊர் கோயம்புத்தூர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை ஜெயித்தவர். அதே ஊர்க்காரரான எஸ். கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வெச்சு உள்ளூரிலேயே ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தவர். ஃபார்முலா மாருதி. நரேன் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் ரேஸுக்கு வந்தது அந்த வகைக் காரில்தான். 1996-இல் ஃபார்முலா ஏஷியா சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் இந்தியர்.

முதல் வருஷம் கார்லினோட 10 ரேஸ்தான். கடைசி இரண்டு ரேஸில், ஸ்பாவிலும் சில்வர்ஸ்டோனிலும், மூன்றாம் இடம். அடுத்த வருஷம், 1999, முழு சீசன். பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கில் இரண்டு வெற்றி. சீசன் முடிவில் ஆறாவது இடம். கார்லின் அப்போ மூணு வயசு டீம், பெரிய டீம்கள் எல்லாம் சுத்தி நிக்குது. அந்த டீமின் தொடக்க கால வெற்றிகளில் கோயம்புத்தூர் கை இருக்கு. கார்லினின் வரலாற்றைச் சொல்றவங்க பெரும்பாலும் சாட்டோவிலிருந்து ஆரம்பிப்பாங்க. நான் பிராண்ட்ஸ் ஹாட்ச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊர்ப்பாசம்னு சொன்னாலும் பரவாயில்ல.

நரேன் 2000-இல் ஸ்டூவர்ட் ரேசிங் டீமுக்குப் போய்விட்டார். அந்த வருஷம் சாம்பியன்ஷிப்பில் நாலாவது. அவருக்கு ஒரு படி மேலே, மூன்றாவதா வந்தவர் கார்லினின் புது டிரைவர், ஜப்பான்காரர் டகுமா சாட்டோ. அந்த வருஷம் கார்லினில் ஓட்டிய இன்னொருத்தர் பென் காலின்ஸ். பின்னாடி டாப் கியர் நிகழ்ச்சியில் முகமே காட்டாம வெள்ளை ஹெல்மெட்டோட சுத்தின ஸ்டிக் அவர்தான்.

சாட்டோவின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அவர் ரொம்ப லேட்டா வந்தவர். மத்தவங்க எல்லாம் எட்டு வயசுல கார்ட்டில் உட்காருவாங்க. இவர் சைக்கிள் ரேஸர். இருபது வயசை நெருங்கும்போதுதான் சுசூகா சர்க்யூட்டில் ஹோண்டா நடத்தின ரேசிங் ஸ்கூலில் சேர்ந்து, ஸ்காலர்ஷிப் வாங்கி, இங்கிலாந்து வந்தார். 2001 சீசன். மொத்தம் 26 ரேஸ். சாட்டோ ஜெயிச்சது 12. அவருடைய டீம்மேட் அந்தோணி டேவிட்சன் ஜெயிச்சது 6. கூட்டிப் பாருங்க: 26-இல் 18 கார்லினுக்கு. இரண்டாவது இடமும் டேவிட்சனுக்குத்தான். அந்த வருஷமே மக்காவ் கிராண்ட் ப்ரீயையும் சாட்டோ ஜெயித்தார். மக்காவ்னா எஃப்3 டிரைவர்களுக்கு உலகக் கோப்பை மாதிரி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சுவர், நடுவுல மலைப்பாதை.

பிரிட்டிஷ் எஃப்3-இல் சாம்பியன் ஆன முதல் ஜப்பானியர் அவர். அடுத்த வருஷமே ஜோர்டான் டீமில் எஃப்1. பின்னாளில் 2017-லயும் 2020-லயும் இண்டியானாபோலிஸ் 500 ஜெயித்தார். இந்த 2017-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

2003 சாம்பியன் தென்னாப்பிரிக்காவின் ஆலன் வான் டெர் மெர்வ. கார்லின் டிரைவர். எஃப்1 ரேஸ் சீட் அவருக்குக் கிடைக்கவே இல்ல. ஆனா நீங்க அவரைப் பார்த்திருக்கீங்க. 2020 பஹ்ரைன், ரோமன் க்ரோஜானின் கார் தடுப்பில் மோதி இரண்டா உடைஞ்சு தீப்பிடிச்சுதே, அப்போ பின்னாடியே வந்து நின்ன மெடிக்கல் காரை ஓட்டினவர் இவர்தான். அவரும் டாக்டர் இயன் ராபர்ட்ஸும்தான் முதல்ல அங்கே இறங்கினாங்க. ஏணியில் ஏறாம நின்னவங்க எல்லாம் காணாமப் போயிடுவாங்கன்னு நினைக்கிறோம். சிலர் இப்படி வேற கதவு வழியா உள்ளே வர்றாங்க.

2005-இல் போர்ச்சுகலின் ஆல்வரோ பரென்டே சாம்பியன். அதுக்குப் பிறகு ரெட் புல் காலம்.

ரெட் புல்லுக்கு டிரைவர்களைத் தேடி வளர்க்கிற ஒரு திட்டம் உண்டு. பையனைப் பிடிப்பாங்க, செலவை ஏத்துக்குவாங்க, ரிசல்ட் வரலேன்னா தயவு பார்க்காம கழட்டி விடுவாங்க. அந்தப் பிள்ளைகளை எங்கே படிக்க வைக்கிறது? பலரை கார்லினுக்குத்தான் அனுப்பினாங்க. செபாஸ்டியன் வெட்டல் 2006-இல் ஃபார்முலா ரெனோ 3.5-இல் கார்லின் காரில் முதன்முதலா மிசானோவில் இறங்கினார். அந்த வார இறுதியிலேயே வெற்றி. அடுத்து ஸ்பா. அங்கே ஒரு விபத்து. பறந்து வந்த உடைசல் துண்டு ஒண்ணு அவருடைய விரலைக் கிட்டத்தட்ட வெட்டி எடுத்துடுச்சு. பல வாரம் ஓட்ட முடியாதுன்னு நினைச்சாங்க. அடுத்த வாரமே ஜண்ட்ஃபோர்ட்டில் எஃப்3 காரில் வந்து உட்கார்ந்துட்டார். 2007-இல் கார்லினோட சாம்பியன்ஷிப்பில் முன்னணியில் இருந்தபோதே டோரோ ரோஸோ கூப்பிட்டது, பாதியில் கிளம்பினார். அதுக்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், நாலு உலகப் பட்டம்.

ஒரு நல்ல ஜூனியர் டீமின் தலையெழுத்தைப் பாருங்க. நம்ம பையன் சாம்பியன்ஷிப்பில் முன்னாடி இருக்கான், பாதியில் பெரிய வீட்டுலேருந்து ஆள் வந்து அழைச்சுக்கிட்டுப் போறாங்க. டீமுக்கு அந்த வருஷம் அந்தப் பட்டம் போச்சு. ஆனா அடுத்த பத்து வருஷத்துக்கு விளம்பரம் கிடைச்சாச்சு.

2008-இல் பிரிட்டிஷ் எஃப்3 பட்டியலில் முதல் மூணு பேரும் கார்லின்: அல்கெர்சுவாரி, ஆலிவர் டர்வி, பிரெண்டன் ஹார்ட்லி. 2009 ரிக்கார்டோ. 2010 ஜான் எரிக் வெர்ன். 2011 ஃபெலிப்பே நாசர், அவருக்கு அடுத்த இடம் டீம்மேட் கெவின் மேக்னசனுக்கு. 2012 ஜாக் ஹார்வி. 2013 ஜோர்டன் கிங். தொடர்ந்து ஆறு வருஷம் ஒரே டீமிலிருந்து சாம்பியன். மேலே ஃபார்முலா ரெனோ 3.5-இல் 2010-இல் மிகைல் அலெஷின், 2011-இல் ராபர்ட் விக்கன்ஸ், இரண்டு பட்டமும் கார்லினுக்கு. விக்கன்ஸ் அந்த வருஷம் தோற்கடிச்சது யாரை? தன் டீம்மேட் வெர்னைத்தான்.

இந்த வெற்றியெல்லாம் எப்படி வருது? கார் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒண்ணுதான். எஃப்2-இல் இன்னிக்கு எல்லாருக்கும் டல்லாரா சேஸிஸ், மெக்கக்ரோம் இன்ஜின், பிரெல்லி டயர். நீங்களா ஒரு விங் செய்து மாட்ட முடியாது. அப்போ டீமுக்கு டீம் வித்தியாசம் ஆளில்தான் இருக்கு. ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியா இருக்கணும், டேம்பர் எப்படி, கார் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், விங் கோணம், டயர் பிரெஷர். அதுக்கப்புறம் ரேஸ் இன்ஜினியரும் டிரைவரும் ஒரு லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து, டீம்மேட்டின் பிரேக்கிங் கோட்டையும் தன் கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பார்க்கிறது. அவன் எங்கே மூணு மீட்டர் லேட்டா பிரேக் பிடிக்கிறான்? ஏன் உன்னால முடியல? நல்ல டீம்மேட் இருந்தா இந்தப் பாடம் நல்லா இருக்கும். சாட்டோவுக்கு டேவிட்சன், நாசருக்கு மேக்னசன், விக்கன்ஸுக்கு வெர்ன்: இதில் தற்செயல் கம்மின்னு நான் நினைக்கிறேன். வேகமான இரண்டு பேரை ஒரே கூரைக்குக் கீழே வைக்கிறது கார்லினின் பழக்கம்.

இப்போ ஹெச்ஆர்டிக்கு ஒரு நிமிஷம். 2011-இல் நரேன் அங்கே சீசனைத் தொடங்கினார். பாதியில், பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீயிலிருந்து, ரெட் புல் தன் பையன் ரிக்கார்டோவுக்கு அந்த சீட்டைப் பணம் கொடுத்து வாங்கிச்சு. கார்லினின் தொடக்க கால வெற்றியாளர் இறங்க, கார்லினின் 2009 சாம்பியன் ஏறினார். இந்திய ரேஸுக்கு மட்டும் நரேன் இன்னொரு காரில் திரும்பி வந்து, ரிக்கார்டோவுக்கு முன்னாடி முடிச்சார். அடுத்த வருஷம் மலேசியாவில் வெட்டல், நரேனை ஒரு லேப் முந்திப் போகும்போது இரண்டு காரும் உரசி, வெட்டலின் டயர் கிழிஞ்சு, பாயிண்ட்ஸ் போச்சு. வெட்டல் பொது இடத்துல நரேனைத் திட்டினார். பழைய மாணவர் சங்கக் கூட்டம் எல்லாம் இப்படித்தான் முடியும்போல.

சரி, பணத்துக்கு வருவோம். 2011-இல் கார்லின் ஜிபி2-வுக்குள் வந்தது. டிரைவர்களில் ஒருவர் மேக்ஸ் சில்டன். அவருடைய அப்பா கிரஹாம் சில்டன் இன்ஷூரன்ஸ் துறையில் பெரிய ஆள். டீமிலும் முதலீடு செய்திருந்தார். "பே டிரைவர்"னு ஒரு வசவு உண்டு இந்த உலகத்தில், காசு கொடுத்து சீட் வாங்கினவன்னு அர்த்தம். மேக்ஸ் அதை நிறையக் கேட்டிருப்பார். எனக்கு அந்த வசவு மேல ஒரு சந்தேகம் உண்டு. ஏன்னா ஜூனியர் சீரிஸில் கிட்டத்தட்ட எல்லாருக்குமே யாரோ ஒருத்தர் காசு கொடுக்கிறாங்க. ரெட் புல் கொடுத்தா திறமை, அப்பா கொடுத்தா அவமானமா? மேக்ஸ் 2012-இல் கார்லினோட ஜிபி2-வில் நாலாவதா வந்தவர். 2013-இல் மருஸியா டீமில் எஃப்1. அந்த முதல் சீசனின் 19 ரேஸையும் ஒண்ணு விடாம முடிச்சவர். 2017 இண்டி 500-இல் மத்த யாரையும்விட அதிகமா 50 லேப் முன்னணியில் ஓடினார். நாலாவதா முடிச்சார். அன்னிக்கு ஜெயிச்சவர் சாட்டோ.

ஆனா இதோட இன்னொரு பக்கத்தையும் நேர்மையா பார்க்கணும். லாண்டோ நோரிஸின் அப்பா பணக்காரர். நோரிஸ் 2015-இல் கார்லினோட எம்எஸ்ஏ ஃபார்முலா சாம்பியன், அதாவது அன்றைய பிரிட்டிஷ் எஃப்4. 2017-இல் ஐரோப்பிய எஃப்3 சாம்பியன், அதுவும் கார்லினோட. அதுக்கு முந்தின நாலு வருஷமும் அந்தப் பட்டம் இத்தாலியின் ப்ரெமா டீமுக்கே போயிருந்தது. அவர்களை உடைச்சது பெரிய விஷயம். 2018 எஃப்2-இல் நோரிஸ் இரண்டாவது. டீம் பட்டம் கார்லினுக்கு. 2025-இல் அவர் உலக சாம்பியன். திறமையில் எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா அதே திறமையோட, அந்த அப்பா இல்லாம பிறந்த பையன் எங்கே இருக்கான்? அவன் பெயர் நமக்குத் தெரியாது, ஏன்னா அவன் ஏணியின் முதல் படியிலேயே இல்ல. கார்லின் எவ்வளவு நல்ல ஸ்கூலா இருந்தாலும் கேட்டுக்குள்ள வந்தவங்களுக்குத்தான் பாடம் நடத்த முடியும்.

நம்ம நாட்டுலேருந்து அந்த கேட்டைத் தாண்டின இன்னொருத்தர் மும்பையின் ஜெஹான் தாருவாலா. 2011-இல் ஃபோர்ஸ் இந்தியா நடத்தின தேடலில் வெளியே வந்தவர். 2017-இல் நோரிஸுக்கு கார்லின் டீம்மேட். 2020-இல் யூகி சுனோடாவோட கார்லின் எஃப்2. அந்த சீசனின் கடைசி ரேஸை, சாகிரில், ஜெஹான் ஜெயித்தார். எஃப்2-இல் அவருக்கு முதல் வெற்றி. சுனோடா சீசனை மூன்றாவதா முடிச்சு எஃப்1 போனார். ஜெஹானுக்கு எஃப்1 சீட் வரல.

இப்போ கார்லின் கதையில் எனக்கு முக்கியமான பகுதி. 2017 ஏப்ரல், டோனிங்டன் பார்க், பிரிட்டிஷ் எஃப்4 ரேஸ். வேறொரு டீமில் ஓட்டிக்கிட்டிருந்த பில்லி மாங்கர் என்ற 17 வயசுப் பையன், நின்னுக்கிட்டிருந்த ஒரு கார் மேல நேரா மோதினான். இரண்டு காலும் போச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் அவன் கேட்டது, திரும்ப எப்போ ஒற்றை இருக்கைக் காரில் ஓட்டலாம்னு. விதிகள் அதுக்கு இடம் தரல. அவனும் அவன் பக்கம் நின்னவங்களும் எஃப்ஐஏ-விடம் போய் அந்த விதியை மாத்த வெச்சாங்க. சரி, விதி மாறியாச்சு. யார் கார் கொடுப்பா?

கார்லின் கொடுத்தது. இதுல என்ன கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. இந்த மாதிரி காரின் காக்பிட் ஒரு சவப்பெட்டி அளவுதான். எல்லாம் காலுக்குக் கீழே ஒளிஞ்சிருக்கு. காலால் செய்கிற வேலையில் பெரும்பகுதியைக் கைக்கு மாத்தணும், அதே கை ஸ்டீயரிங்கையும் பிடிக்கணும். அதோட, தீப்பிடிச்சா சில நொடிகளுக்குள்ள டிரைவர் தானா வெளியே குதிக்கணும்னு ஒரு சோதனை உண்டு. கால் இல்லாதவனுக்கும் அதே சோதனைதான். மாங்கர் பாஸ் பண்ணினான். 2018-இல் அவுல்டன் பார்க், பிரிட்டிஷ் எஃப்3, சீசனின் முதல் ரேஸ். விபத்து நடந்து ஒரு வருஷம்கூட ஆகல. மூன்றாவதா முடிச்சான்.

2019 மே, பிரான்ஸின் போ நகரம். 1930களிலிருந்து ரேஸ் நடக்கிற தெருக்கள். யூரோஃபார்முலா ஓப்பன் சீரிஸ், கார்லின் கார், மழையில் நனைஞ்ச ரோடு. மாங்கரும் டீமும் சீக்கிரமாவே மழை டயருக்கு மாத்தி ஒரு சூதாட்டம் ஆடினாங்க. பின்னாடியிருந்து ஏறி வந்து போ கிராண்ட் ப்ரீயை ஜெயிச்சான். அந்த வெற்றிக்கு "பாவம், பையன்"னு யாரும் பாயிண்ட்ஸ் போடல. மத்தவங்களுக்கு இருந்த அதே ரோடு, அதே மழை.

அதே 2019 மே மாதம், கடலுக்கு அந்தப் பக்கம், கார்லினுக்கு ரொம்ப மோசமான ஒரு வார இறுதியும் நடந்தது. 2018-இல் டீம் அமெரிக்காவின் இண்டிகாருக்குள் போயிருந்தது. 2016-இல் ஒரு படி கீழே இண்டி லைட்ஸில் எட் ஜோன்ஸோட பட்டம் வாங்கின தைரியம். 2019-இல் மெக்லாரன் தன் சொந்த முயற்சியா ஃபெர்னாண்டோ அலோன்சோவை இண்டி 500-க்குக் கூட்டிட்டு வந்தது, தொழில்நுட்ப உதவிக்கு கார்லின். மொத்தம் 36 கார்கள், இடம் 33. வெளியே போன மூணு பேர் யாருன்னா: மேக்ஸ் சில்டன், கார்லின். பாட்ரிசியோ ஓவார்ட், கார்லின். ஃபெர்னாண்டோ அலோன்சோ, கார்லினின் உதவியோட வந்த மெக்லாரன். கடைசி இடத்தை அலோன்சோவிடமிருந்து பறிச்சது ஹுன்கோஸ் என்ற சின்ன டீமின் கைல் கைசர். அவங்க அந்த வாரம்தான் ஸ்பான்சரை இழந்து, ஒரு காரையும் மோதி உடைச்சு, திரும்பக் கட்டி வந்தவங்க. மெக்லாரன் பக்கத்துக் குளறுபடிகள் பின்னாடி வெளியே வந்தது. கார்லின் கொடுத்த ஸ்பேர் காரின் ஆரஞ்சு நிறம் சரியான ஆரஞ்சு இல்லைன்னு பெயின்ட் ஷாப்புக்கு அனுப்பியிருந்தாங்க, தேவைப்பட்ட நேரத்துல அது அங்கே இருந்தது. கார்லின் பெயர்ப்பலகை போட்ட காரில் சார்லி கிம்பல் மட்டும் உள்ளே. 2021-க்குப் பிறகு இண்டிகாரில் கார்லின் இல்ல.

டீம் அகலமா விரிஞ்சதுதான் காரணமான்னு கேட்டா, என் கருத்து ஆமாம். எஃப்4, எஃப்3, எஃப்2, அமெரிக்கா, ஒரே நேரத்துல. ஒவ்வொண்ணுக்கும் இன்ஜினியர் வேணும், நல்ல இன்ஜினியர் குறைவு. 2020 வாக்கில் மேல்படிகளில் ப்ரெமாவும் ஏஆர்டியும் முன்னாடி நின்னாங்க. கார்லின் ஜெயிச்சுக்கிட்டேதான் இருந்தது, பழைய பயம் மட்டும் போயிருந்தது.

2023-இல் டீமின் பெயர் ரோடின் கார்லின் ஆச்சு. ரோடின் கார்ஸ் நியூசிலாந்தில் ஹைப்பர்கார் செய்கிற கம்பெனி, அதன் முதலாளி டேவிட் டிக்கர் முதலீட்டாளரா உள்ளே வந்தார். 2024 ஜனவரியில் டிரெவர் கார்லினும், டீமில் அவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்த அவருடைய மனைவி ஸ்டெஃபனி கார்லினும் வெளியேறினாங்க. ஸ்டெஃபனி மெக்லாரன் எஃப்1 டீமில் சேர்ந்தார். நோரிஸ் ஓட்டுற டீம். பட்டறை, ஆட்கள், கார்கள் எல்லாம் இருந்தது. கதவின் மேல இருந்த பெயர் மட்டும் இறங்கிச்சு: இனிமே ரோடின் மோட்டார்ஸ்போர்ட்.

எஃப்1-இல் ஒரு டீம் பெயர் மாத்தினா அது செய்தி. ஜோர்டான், மிட்லண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ஆஸ்டன் மார்ட்டின்னு ஒரே ஃபேக்டரி எத்தனை பெயர் பார்த்தாச்சு. ஜூனியர் சீரிஸில் யாரும் கண்டுக்கிறதில்ல. ஆனா 2024 மார்ச், பஹ்ரைன், கார்லின் என்ற பெயர் இல்லாத முதல் எஃப்2 வார இறுதி. ரோடினின் ஸேன் மலோனி இரண்டு ரேஸையும் ஜெயித்தார். அந்த வருஷமே பெண்களுக்கான எஃப்1 அகாடமி பட்டத்தை அதே டீமில் ஏபி புல்லிங் வாங்கினார். டிரெவர் கட்டி வெச்ச மெஷின் அவர் இல்லாமலும் ஓடிச்சுன்னு இதைப் படிக்கலாம். பெயர் போட்டவரை இவ்வளவு சீக்கிரம் தேவையில்லாம ஆக்கிட்டாங்களேன்னும் படிக்கலாம். எனக்கு இரண்டும் ஒரே நேரத்துல தோணுது.

அடுத்த எபிசோட்ல ப்ரெமா. இத்தாலி, ஒரு குடும்பம், கார்லினை மேலேயிருந்து கீழே தள்ளின டீம். கேள்விகள் இருந்தா அனுப்புங்க. நரேனின் பிராண்ட்ஸ் ஹாட்ச் ரேஸை அந்தக் காலத்துல யாராவது நேர்ல பார்த்திருந்தா, கண்டிப்பா எழுதுங்க.